உடலுக்குள் ஓடும் தூது

சுரங்கத்தைக் கண்டறியாத நண்பர்களுக்காக முதலில் ஒரு சிறு விளக்கம். ஆழமான சுரங்கத்தின் வாயில் ஷாஃப்ட் எனப்படும் செங்குத்தான பெருங்கிணறு ஆகும். அதன் வழியே இரும்பு வடத்தில் தொங்கும் கூண்டு ஒன்று ஆட்களை ஏற்றி இறக்கும். அந்த வடத்தைச் சுற்றி இழுக்கும் எந்திரம் தரைமேல் ஒரு கட்டடத்தில் இருக்கும். அதை இயக்குபவர் அங்கேயே அமர்ந்திருப்பார். கீழே நடப்பது எதையும் அவர் கண்ணால் காண்பதில்லை. கூண்டில் ஆட்கள் ஏறிவிட்டார்களா, மேலே இழுக்கலாமா, இடையில் நிறுத்த வேண்டுமா என்பவற்றையெல்லாம் அவருக்கு அறிவிப்பது மணியோசைதான். இத்தனை முறை அடித்தால் இன்ன பொருள் என்று விதி உண்டு. அந்த எண்ணிக்கையைக் கேட்டே அவர் பல உயிர்களை ஏற்றுகிறார், இறக்குகிறார்.

நம் மூளையும் அத்தகைய ஓர் இயக்குநரே. மண்டையோட்டின் இருளுக்குள் இருக்கும் அது வெளிச்சத்தைக் கண்டதில்லை, சூட்டைத் தொட்டதில்லை, ஓசையைக் கேட்டதில்லை. கண், காது, தோல் முதலிய இடங்களிலிருந்து நரம்புகள் கொண்டுவரும் செய்திகளை வைத்துக்கொண்டே அது உலகத்தை அறிகிறது, உடலை ஆள்கிறது.

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. கீழிருந்து மணி அடிக்கவில்லை என்றால் கீழே எல்லாம் நலம் என்று பொருளா? அல்லது மணிக்கம்பி அறுந்துவிட்டது என்று பொருளா? மேலே இருப்பவருக்கு இரண்டும் ஒரே அமைதிதான். நரம்பு மண்டலம் இயங்கும் முறையை விளக்கி, இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் கோலார் தங்க வயலில் பிறந்து வளர்ந்தவன். 1880-இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனம் அங்குத் தன் பணியைத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து எங்கள் முன்னோர் கூட்டம் கூட்டமாக வந்து குடியேறினர். நூற்றிருபது ஆண்டுகளில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நான் அதன் பிறகு பிறந்தவன். எனவே சுரங்கத்தை நான் அறிந்தது அங்கு உழைத்தவர்களின் பேச்சிலிருந்தும் அவர்களுடைய உடல்களிலிருந்துமே. விலங்கியல் பயிலும் எனக்கு, பாடநூலில் உள்ள தவளையையும் கணவாயையும் விட எங்கள் லைன் வீடுகளின் திண்ணைகளில் அமர்ந்திருக்கும் முதியவர்களின் கைகளே நரம்பைப் பற்றி மிகுதியாகச் சிந்திக்க வைத்தன.

நரம்பணு

நரம்பு மண்டலத்தை இரு பகுதிகளாகப் பிரித்துக் கூறுவர். மூளையும் தண்டுவடமும் சேர்ந்தது மைய நரம்பு மண்டலம். அவற்றிலிருந்து கிளைத்து விரல் நுனிவரை பரவும் நரம்புகள் யாவும் புற நரம்பு மண்டலம். இரண்டும் நரம்பணுக்களால் ஆனவை. மனித மூளையில் மட்டும் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்று 2009-இல் வெளியான ஒரு கணக்கு கூறுகிறது.

நரம்பணுவின் உருவம் விந்தையானது. சிறிய உடல், செய்தி வாங்கும் பல கிளைகள், செய்தி அனுப்பும் ஒரு நீண்ட இழை. அந்த இழைக்கு ஆக்ஸான் என்று பெயர். தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் தொடங்கிக் காலடிக்குச் செல்லும் ஆக்ஸான் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடையது. அதன் தடிப்போ ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கினால் அதில் ஒன்று அல்லது இரண்டு கூறுதான்! அதே விகிதத்தில் 3 சென்டிமீட்டர் தடிப்புள்ள ஓர் இரும்பு வடத்தைச் செய்வோமானால், அதன் நீளம் 2 கிலோமீட்டர் அளவில் இருக்கும். சுரங்கத்துக் கூண்டின் வடத்தை மனத்தில் கொண்டால் இந்த மெல்லிழையின் நீளம் விளங்கும்.

இந்த அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே வலையா, அல்லது தனித்தனியானவையா என்று சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும் வாதம் நடந்தது. ஒரே வலை என்றார் இத்தாலியரான கோல்கி. தனித்தனி அணுக்கள் என்றார் ஸ்பெயின் நாட்டவரான ரமோன் இ காஹால். 1906-இல் இருவருக்கும் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பரிசு பெற்ற மேடையிலும் அவர்கள் உடன்படவில்லை! முடிவில் காஹாலின் கொள்கையே வென்றது.

மின்சாரமும் வெடித்திரியும்

நரம்பில் ஓடுவது மின்சாரம் என்று பலரும் கூறுவர். இதில் பாதி உண்மையே. 1791-இல் கால்வானி என்னும் இத்தாலிய அறிஞர், இறந்த தவளையின் கால் மின்தூண்டலால் துடிப்பதைப் பற்றி எழுதினார். அன்று முதல் நரம்பையும் மின்சாரத்தையும் இணைத்துப் பேசுவது வழக்கமாயிற்று.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. 1902-இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்க வயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தனர். கம்பியில் வரும் மின்சாரம் தொலைவு கூடக்கூட வழியில் சிறிது சிறிதாக இழப்படையும். நரம்பில் செல்லும் செய்தியோ, புறப்பட்ட இடத்தில் எவ்வளவு வலுவுடன் இருந்ததோ அதே வலுவுடன் சென்று சேர்கிறது. எப்படி?

பாறையைத் தகர்க்கும் வெடித்திரியை எண்ணிப் பாருங்கள். அதன் முனையில் தீ வைத்தால், எரியும் இடம் தனக்கு அடுத்த இடத்தைப் பற்ற வைக்கிறது. அது தனக்கு அடுத்ததை. தீ எங்கிருந்தோ ஆற்றலைச் சுமந்து வருவதில்லை. ஒவ்வோர் அங்குலமும் தன்னிடமுள்ள மருந்தாலேயே எரிகிறது. அதனால் திரியின் கடைசி முனையிலும் தீ முதல் முனையில் இருந்த அளவே இருக்கும்.

நரம்பிழையும் இவ்வாறே. ஓய்ந்திருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லி வோல்ட் குறைவான மின்னழுத்தத்தில் இருக்கும். தூண்டல் வந்ததும் இழையின் சவ்வில் உள்ள நுண்ணிய கதவுகள் திறக்கின்றன. வெளியில் மிகுந்திருக்கும் சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அந்த இடத்தின் மின்னழுத்தம் தலைகீழாக மாறுகிறது. இந்த மாற்றம் பக்கத்திலுள்ள கதவுகளையும் திறக்கச் செய்கிறது. இதற்குள் முதலிடத்தில் பொட்டாசியம் அயனிகள் வெளியேறி, பழைய நிலை திரும்பிவிடுகிறது. இவ்வளவும் ஓரிடத்தில் நடந்து முடிய விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ, சற்று மிகுதியோதான் ஆகிறது! எரிந்த திரி மீண்டும் எரியாது. நரம்போ அடுத்த கணமே அடுத்த செய்திக்கு ஆயத்தமாகிவிடும். ஊசிக் கணவாயின் தடித்த நரம்பிழையை ஆராய்ந்து, இதைக் கணிதச் சமன்பாடுகளாக 1952-இல் வெளியிட்டவர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும். 1963-இல் அவர்கள் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இச்செய்தியின் வேகம் என்ன? அதை அளக்கவே முடியாது என்று அறிஞர்களும் நம்பிய காலம் இருந்தது. 1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் அதை அளந்து, விநாடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் என்று காட்டினார். மனித உடலில் எல்லா நரம்புகளுக்கும் ஒரே வேகம் இல்லை. மையலின் என்னும் கொழுப்பு உறை போர்த்திய தடித்த இழைகளில் செய்தி உறையின் இடைவெளிகளில் தாவித் தாவிச் சென்று விநாடிக்கு 100 மீட்டரையும் கடக்கும். உறையற்ற மெல்லிய இழைகளில் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவே. வாசற்படியில் கால் விரலை இடித்துக்கொண்டவர்கள் இதை அறிவார்கள். முதலில் இடித்தது தெரியும். உடனே சுரீர் என்று ஒரு வலி. சற்றுப் பொறுத்து எரிச்சலோடு மற்றொரு வலி வந்து சேரும். ஒரே விபத்தின் செய்தியை வெவ்வேறு வேகமுள்ள தூதர்கள் கொண்டுவருகிறார்கள்.

மணியின் மொழி

மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரு நரம்பிழையில் எழும் துடிப்பின் அளவு ஒன்றே. தீக்குச்சியால் பற்றவைத்தாலும் தீப்பந்தத்தால் பற்றவைத்தாலும் திரி ஒரே மாதிரிதானே எரியும்? அப்படியானால் மெல்லிய தொடுதலையும் பலத்த அடியையும் மூளை எவ்வாறு வேறுபடுத்துகிறது?

இதற்கு விடை கண்டவர் ஏட்ரியன் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி. 1926-இல் தனித்த ஒரு நரம்பிழையின் துடிப்புகளைப் பதிவு செய்தபோது, தூண்டல் மிகுந்தால் துடிப்புகள் பெரிதாவதில்லை, அடிக்கடி வருகின்றன என்று அவர் கண்டார். சுரங்க மணி மெதுவாக அடித்தாலும் பலமாக அடித்தாலும் பொருள் மாறாது, எண்ணிக்கைதான் பொருள். நரம்பின் மொழியும் எண்ணிக்கையின் மொழியே. இத்துடன், எந்த இழையிலிருந்து செய்தி வந்தது என்பதைக் கொண்டு மூளை இடத்தையும் அறிகிறது.

விரல் நுனியில் மணியடிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அழுத்தத்திற்கு ஒருவகை உணர்முனை; வழுக்கலுக்கு ஒருவகை; சூட்டிற்கும் குளிருக்கும் வலிக்கும் வேறுவகை. பாசினி உணர்முனை என்று ஒன்று உண்டு. வெங்காயம் போல அடுக்கடுக்கான உறைகளுடன் தோலுக்கு அடியில் இருக்கும் இது, விநாடிக்கு 250 முறை அளவிலான அதிர்வை மிக நுட்பமாக உணரும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த அசைவுகூட இதற்குத் தப்பாது. மண்வெட்டியின் காம்பைப் பிடித்தவர், தன் கை மண்ணைத் தொடாமலே மண்வெட்டியின் வாய் கல்லில் பட்டதா, மண்ணில் பட்டதா என்று அறிவது இதனால்தான்.

ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்ததற்குச் செய்தி தாவும் இடத்தில் ஒரு நுண்ணிய இடைவெளி உண்டு. இதை நரம்பிணைப்பு என்பர். அங்கே பெரும்பாலும் மின்துடிப்பு நேராகக் கடப்பதில்லை. ஒரு இரசாயனப் பொருள் கசிந்து அக்கரைக்குச் செய்தியைச் சேர்க்கிறது. 1921-இல் இதைக் காட்டியவர் ஆட்டோ லோவி. சோதனைக்கான வழி தமக்குக் கனவில் தோன்றியதாக அவரே கூறியுள்ளார். ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டி, அதன் துடிப்பு தணிந்ததும், அந்த இதயத்தைச் சூழ்ந்திருந்த நீரை எடுத்து மற்றோர் இதயத்தின்மேல் விட்டார். நரம்பே தூண்டப்படாத அந்த இரண்டாவது இதயமும் தணிந்து துடித்தது! செய்தி நீரில் கரைந்திருந்தது. அப்பொருள் அசிட்டைல்கோலின் என்று பின்னர் அறியப்பட்டது. நம் தசைகளுக்குக் கட்டளை கொண்டு சேர்ப்பதும் அதுவே.

மூளையின் சிந்தனைக்குச் செல்லாத செயல்கள்

எல்லாச் செய்திக்கும் தலைமையிடத்து ஆணையை எதிர்பார்த்தால் உடல் பிழைக்காது. கொதிக்கும் பாத்திரத்தில் விரல் பட்டவுடன் கை தானே பின்வாங்குகிறது. விரலிலிருந்து தண்டுவடத்திற்குச் சென்ற செய்திக்கு அங்கேயே விடை எழுதப்பட்டுத் தசைக்கு வந்துவிடுகிறது. 'சுட்டது' என்று நாம் உணர்வது அதன் பிறகுதான். இதுவே அனிச்சைச் செயல்.

மூளைக்குள்ளேயே நாம் அறியாமல் நடப்பவையும் உண்டு. தங்க வயலின் ஆழத்தில், 3 கிலோமீட்டர் கீழே, பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைக் கடந்திருந்தது. குளிரூட்டிய காற்றை மேலிருந்து அனுப்ப வேண்டியிருந்தது. அத்தகைய இடத்திலும் மனித உடலின் உள்வெப்பம் 37 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். 40 டிகிரியைத் தாண்டினால் அறிவு தடுமாறும், உயிருக்கே ஆபத்து. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி இரத்தத்தின் சூட்டை இடைவிடாது கவனிக்கிறது. சூடு ஏறினால் தன்னியக்க நரம்புகள் வழியே தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. 20 இலட்சம் முதல் 40 இலட்சம்வரையிலான வியர்வைச் சுரப்பிகளைத் திறந்துவிடுகிறது. வெப்பச் சூழலில் ஒன்றிரண்டு வாரம் உழைத்துப் பழகியவருக்கு வியர்வை முந்திச் சுரக்கும். அதில் உப்பும் குறையும். இவை எவற்றிலும் நம் விருப்பத்திற்கு இடமில்லை.

வலி என்னும் காவல்

வலியை விரும்புவார் எவருமில்லை. ஆயினும் அது காவற்காரன் என்பதை உலகுக்கு உணர்த்திய ஊர்களில் ஒன்று நம் வேலூர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் கைகளை ஆராய்ந்தார். தொழுநோயில் சதை தானாகவே அழுகி விரல்கள் உதிர்கின்றன என்பதே அந்நாள்வரை பரவலாக இருந்த எண்ணம். அவர் கண்ட உண்மை வேறு. நோய்க்கிருமி நரம்பைத் தாக்குகிறது. கை உணர்ச்சியை இழக்கிறது. உணர்ச்சியற்ற கை சூடான பாத்திரத்தை விடாமல் பிடிக்கிறது. புண்ணான விரலால் மேலும் அழுத்தி வேலை செய்கிறது. இவ்வாறு ஒவ்வொரு நாளும் அறியாமல் நேரும் சிறு காயங்களே விரல்களை அழித்தன. விரல்களைக் காத்து வந்தது வலிதான். வலி போனதும் காவல் போயிற்று.

இங்கேதான் முதலில் எழுப்பிய கேள்விக்கு விடை தொடங்குகிறது. எலும்பு முறிந்தால் நரம்பு சொல்லும். குடல் கெட்டால் நரம்பு சொல்லும். நரம்பே சிறிது சிறிதாகக் கெட்டால், அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

துளைக்கும் எந்திரமும் கையும்

வெடி வைப்பதற்கு முன் பாறையில் துளையிட வேண்டும். அழுத்திய காற்றால் இயங்கும் துளைப்பான் நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான அடிகளைப் பாறையின்மேல் இறக்கும். அவ்வளவு அதிர்வும் அதைப் பற்றியிருக்கும் கைகளிலும் ஏறும். இதனால் விளையும் கேட்டை 1911-இல் இத்தாலியில் லோரிகா என்னும் மருத்துவர் எழுதினார். 1918-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் சுண்ணாம்புக்கல் தொழிலாளர்களிடையே ஆலிஸ் ஹாமில்டன் என்னும் அம்மையார் இதனை ஆராய்ந்தார். குளிர்ந்த காலையில் அவர்களுடைய விரல்கள் இரத்தமின்றி வெளுத்துப்போயின, மரத்துப்போயின.

அதிர்வு இருவகையில் கெடுக்கிறது. விரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களும் அவற்றை ஆளும் நரம்புகளும் பழுதாகிக் குழாய்கள் திடீரென்று சுருங்குகின்றன. மற்றொரு வகையில், விரல் நரம்புகளின் மையலின் உறையும் இழைகளும் உணர்முனைகளும் தேய்கின்றன. குளிர்நாடுகளில் வெளுத்த விரல் கண்ணுக்குத் தெரியும். வெப்ப நாடுகளிலும் வெப்பமான சுரங்கங்களிலும் மரமரப்பே மேலோங்கும் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. வெளுப்பை மருத்துவர் பார்க்கலாம். மரமரப்பைப் பார்க்க முடியாது. கேட்டுத்தான் அறிய வேண்டும்.

தொடக்கத்தில் வேலை முடிந்த மாலையில் விரல்களில் எறும்பு ஊர்வது போல இருக்கும், காலையில் தெளிந்துவிடும். சில ஆண்டுகளில் காலையிலும் தெளியாது. பின்னர் அந்த எறும்பும் ஊராது, அமைதியாகிவிடும். இதில் ஒரு கொடுமையான சுழற்சியும் உண்டு. தொடுவுணர்வு குறைந்த கை, பிடி நழுவுமோ என்று எந்திரத்தை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. இறுக்கிப் பிடித்தால் அதிர்வு இன்னும் மிகுதியாகக் கையில் ஏறுகிறது.

என் தாத்தா பல்லாண்டுகள் துளைப்பான் பிடித்தவர். சட்டைப் பொத்தானைப் போட அவருக்குப் பாட்டி உதவ வேண்டும். சட்டைப் பையில் கைவிட்டு ஒரு ரூபாய் நாணயத்தையும் ஐந்து ரூபாய் நாணயத்தையும் தடவிப் பிரித்தறிய அவரால் இயலாது. வெளியே எடுத்துக் கண்ணால் பார்ப்பார். "மரத்துப் போச்சு, அவ்வளவுதான். நோவு ஒண்ணும் இல்லையே" என்பார். பணியில் இருந்த காலத்தில் இதை அவர் எந்த மருத்துவரிடமும் சொன்னதில்லை. நோவு இருந்தாலல்லவா சொல்வதற்கு? அவரைப் போலவே எங்கள் லைனில் பலர். அவர்கள் அதை வயதின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

நுரையீரலின் கதை வேறு. பாறைத் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நோயை 1940-களிலேயே தங்க வயலில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களிடம் ஆராய்ந்தார்கள். நோயாளி மூச்சுத் திணறினார், இருமினார், எக்ஸ்ரே படத்தில் நிழல் தெரிந்தது. நோய் தானே தன்னை அறிவித்தது. அவ்வாறு அறிவித்தும் அந்நோயால் மாண்டவர் எண்ணற்றோர் என்பது வேறு. கையின் நோயோ அறிவிக்கவே இல்லை. அறிவிக்காத நோய் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

கேட்டவர்களுக்கு விடை கிடைத்தது. தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில் துளைப்பான் பிடிப்பவர்களைக் கேட்டும் சோதித்தும் பார்த்த ஓர் ஆய்வு 2007-இல் வெளிவந்தது. அவர்களுள் ஏறத்தாழ 100-க்கு 15 பேருக்கு இக்கோளாறு இருந்தது. பிரிட்டன் 1985-இல் இதைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வழக்காடி வென்றபின், 1999-இல் அங்கே இழப்பீட்டுத் திட்டம் ஏற்பட்டது. விண்ணப்பித்தவர்கள் 1,50,000-க்கும் மேற்பட்டவர்கள்! அத்தனை பேரும் அதற்கு முன்னும் அதே கைகளோடு இருந்தவர்கள்தாமே?

நாம் செய்யக்கூடியது

சுரங்கம் மூடிவிட்டது, இனி இதைப் பேசி என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். சுரங்கம் மூடியதே தவிர, அதில் உழைத்தவர்கள் பலர் இன்றும் வாழ்கிறார்கள். துளைப்பானும் ஓய்ந்துவிடவில்லை. கருங்கல் குவாரிகளிலும், சாலையை உடைக்கும் இடங்களிலும், கட்டட வேலைகளிலும் நம்மவர்கள் இன்றும் அதைப் பிடிக்கிறார்கள். நம் வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே கான்கிரீட்டை உடைக்கும் ஓசையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஓசைக்குச் சன்னலை மூடினோம்; கைகளைப் பற்றி எண்ணினோமா?

தொடக்க நிலையில் வேலையை மாற்றினாலோ குறைத்தாலோ கை பெரிதும் தேறும். முற்றிவிட்டால் தேறுவது அரிது. புற நரம்பிழை அறுபட்டால் வளரும் ஆற்றலுடையது. ஆனால் அது வளர்வது நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே. ஆகையால் காலம் இங்கே பெரிது. எந்திரத்தைத் தொடர்ந்து பிடிக்காமல் இடைவெளி விடுதல், முறைவைத்து ஆள் மாற்றுதல், அதிர்வைக் குறைக்கும் கைப்பிடி, தேய்ந்த உளியை உடனே மாற்றுதல், புகைபிடிப்பதை விடுதல் ஆகியவை எளிய தடுப்பு முறைகள்.

மரத்த கை எல்லாம் அதிர்வால் வந்ததாகிவிடாது. நீரிழிவு, வைட்டமின் பி12 குறைவு, மணிக்கட்டில் நரம்பு நெரிதல், தொழுநோய் ஆகியவையும் இவ்வாறே ஓசையின்றித் தொடங்கும். இவற்றுள் பலவற்றை மருந்தாலும் சிகிச்சையாலும் தடுத்து நிறுத்தலாம். வயதாகிவிட்டது என்று விட்டுவிடுவதால் இழப்பு நமக்கே.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களை ஒன்று வேண்டுகிறேன். மாரிக்குப்பம் ரயிலில் நாள்தோறும் வந்து போகும் நண்பர்களுக்கு விடுமுறைவரை காத்திருக்கவும் தேவையில்லை. தந்தையாரிடமும் பாட்டனாரிடமும் பக்கத்து வீட்டுப் பெரியவரிடமும் "கை வலிக்கிறதா?" என்று கேட்காதீர்கள், "இல்லை" என்ற விடையே வரும். பொத்தான் போட முடிகிறதா, ஊசியில் நூல் கோக்க முடிகிறதா, பார்க்காமலே நாணயத்தைத் தடவி அறிய முடிகிறதா என்று கேளுங்கள். ஒரு கொண்டை ஊசியை விரித்து, இரு முனைகளையும் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்து, கண்ணை மூடச் சொல்லி விரல் நுனியில் மெல்லத் தொடுங்கள். நலமான இளைஞரின் விரல் அதை இரண்டு என்று சொல்லும். முதுமையில் இது ஓரளவு குறைவது இயல்பே. இது நோயை முடிவு செய்யும் சோதனை அன்று. மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டுமா என்று நாம் அறியும் வழி. மருத்துவர் இசைக்கவை கொண்டும் நைலான் இழை கொண்டும் நரம்பின் மின்வேகத்தை அளந்தும் முறைப்படி ஆராய்வார்.

மணி அடிக்காதபோது கீழே நலம் என்று முடிவு செய்யும் எந்திர இயக்குநரை நாம் நம்பமாட்டோம். மனிதர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்பதை அறிந்தவர், நெடுநேரம் ஓசை இல்லையென்றால் ஆளனுப்பி விசாரிப்பார். நம் வீட்டுப் பெரியவர்களின் கைகளைப் பொறுத்தவரை, அவ்வாறு விசாரிக்கப் போக வேண்டியவர்கள் நாமே. நரம்பு மண்டலத்தைப் பற்றிப் பாடநூலில் பயின்ற நாம் அதைக்கூடச் செய்யாவிட்டால், அந்தப் படிப்பால் யாருக்கு என்ன பயன்?